ஈரத்துணியும் இரண்டு வயதுப் பிள்ளையும்

கேள்வி: என் மகனுக்கு இரண்டே கால் வயது. தொட்டுத் தடவி விளையாடினால் மூளை நன்றாக வளரும் என்கிறார்கள். கலர் மணல், தண்ணீரில் ஊறும் ஜெல் உருண்டைகள் எல்லாம் வைத்த ‘சென்சரி’ பெட்டி 4,000 ரூபாய். வாங்கலாமா? மற்றபடி அவன் ரொம்பச் சுத்தம். நான்தான் ஊட்டுவேன், ஈரத்துணி பக்கத்திலேயே இருக்கும். ஒரு பருக்கை ஒட்டினாலும் துடைக்கச் சொல்லிக் கையை நீட்டுவான்.

பதில்: வாங்காதீர்கள். அந்த உருண்டையை விழுங்கிவிட்டால் வயிற்றுக்குள் ஊறிப் பெருத்துக் குடலை அடைக்கும். பெட்டிப் பேச்சு அதோடு முடிந்தது.

எனக்கு உறுத்துவது உங்கள் கடைசி வரி. அதைப் பெருமையாக வேறு எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வயதில் சுத்தம் தானாக வருமா? வாய்க்கு வாய் துடைத்துப் பழக்கியது நீங்கள். இன்றைக்கு விரல் பத்தையும் சும்மா போட்டுவைத்துவிட்டு, நாளைக்குப் பென்சில் பிடிக்க வரவில்லை என்று டீச்சரிடம் சண்டைக்கு நிற்பீர்கள்.

வழவழ, கொழகொழ, பிசுபிசு, சொரசொர. தொடுவதற்கே நம்மிடம் எத்தனை சொற்கள்! கை படாத பிள்ளைக்கு இதெல்லாம் வெறும் சத்தம். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரி, எழுத்தைக்கூட உப்புத்தாளில் வெட்டி, விரலால் தடவவிட்டு, அப்புறம்தான் எழுதவைத்தார்.

சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை கொடுங்கள். முறத்தில் அரிசி, ஆய்வதற்கு ஒரு பிடி கீரை, தாம்பாளத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர். வீட்டில் பாட்டி இருந்தால் அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள், “அழுக்காகிடும்” என்று நடுவில் புகாதீர்கள். பெரியவர்களை டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டுப் பிள்ளைக்கு விளையாட்டைக் காசு கொடுத்து வாங்குவது எனக்குப் பிடிக்காத நாகரிகம். வேர்க்கடலை, கொண்டைக்கடலை வேண்டாம், மூக்கில் ஏற்றிக்கொள்வான். தண்ணீர் இருக்கும்போது ஒரு நிமிடம்கூட நகராதீர்கள்.

முதலில் அழுவான். அதற்காகக் கையைப் பிடித்து மாவுக்குள் அழுத்தக்கூடாது. நீங்கள் பிசையுங்கள், பார்த்துக்கொண்டிருக்கட்டும். சில வாரம் போயும் சோறு, மணல், புல் எது பட்டாலும் அலறினால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கூப்பிட்டால் திரும்பவில்லை, இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் அந்தச் சில வாரமும் காத்திருக்க வேண்டாம்.

இன்று ராத்திரி பருப்புச் சாதத்தை அவன் தட்டிலேயே வையுங்கள். கீழே பழைய பேப்பர் விரித்துக்கொள்ளுங்கள். அந்தத் துணி குளியலறையில் கிடக்கட்டும்.