மானுக்கும் சேர்த்து மருந்து வைக்கலாமா?

தாளவாடிப் பக்கம் காட்டோரத்தில் நாற்பது வெள்ளாடு வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் ஆடு மேயும் இடத்துக்கே புள்ளிமானும் வருகிறது. ஆறு மாதமாக ஆடுகள் மெலிகின்றன, இரண்டு செத்துவிட்டன. மானிடமிருந்துதான் புழு வருகிறது என்கிறார் சந்தையில் மருந்து விற்பவர். எல்லா ஆட்டுக்கும் மாதம் ஒருமுறை மருந்து ஊற்றவும், மான் நக்கும்படி உப்புக்கட்டியில் மருந்து கலந்து வைக்கவும் சொல்கிறார். செய்யலாமா?”

இரண்டையும் செய்யாதீர்கள். உப்புக்கட்டி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மான் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் விலங்கு. அதற்கு மருந்து வைத்தால் வழக்கில் மாட்டப்போவது நீங்கள், விற்றவர் இல்லை. சட்டத்தை விடுங்கள், அது வேலைக்கும் ஆகாது. எந்த மான் எவ்வளவு நக்கியது என்று யாருக்குத் தெரியும்? அரைகுறை அளவில் மருந்து உள்ளே போனால் பலவீனமான புழு சாகும், மருந்தைத் தாங்கும் புழு பெருகும்.

காட்டு விலங்கின் குடலில் ஒரே வகைப் புழு தனியாக இருப்பதில்லை. உருண்டைப்புழு, நாடாப்புழு, கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச்செல் ஒட்டுண்ணியான காக்சிடியா என்று பல இனங்கள் ஒன்றையொன்று அடக்கிக்கொண்டு வாழ்கின்றன. பிரிட்டனில் காட்டெலிகளுக்கு மருந்து கொடுத்து உருண்டைப்புழுவைக் குறைத்தபோது, அதே குடலில் காக்சிடியா பல மடங்கு பெருகியது. மருந்தின் வேகம் தணிந்ததும் பழைய நிலைமையே திரும்பிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் காட்டெருமைகளுக்குக் குடற்புழு மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2015-இல் வெளியானது. மருந்து பெற்ற எருமைகள் காசநோய் தொற்றினாலும் நெடுநாள் தாக்குப்பிடித்தன. அப்படிப் பிழைத்தவை மந்தைக்குள் திரிந்து நோயைப் பரப்பும் என்பதால், காசநோய் பரவும் திறன் சுமார் எட்டு மடங்கு கூடும் என்று கணக்கிட்டார்கள். உப்புக்கட்டியில் மருந்தைக் கலக்கச் சொல்கிறவர் இதையெல்லாம் யோசித்திருப்பாரா?

சரி, புழு யாரிடமிருந்து வருகிறது? ஆட்டின் இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் மானின் வயிற்றிலும் வாழக்கூடியது, அதனால் கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் உண்டு. ஆனால் மான் பரந்து மேய்கிறது. உங்கள் நாற்பது ஆடுகளோ தினமும் ஒரே வழியில் போய் ஒரே இடத்தில் புழுக்கை போடுகின்றன. ஒரு பெண் ஹீமாங்கஸ் நாளுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தால் ஒரு வாரத்திலேயே அது புல்லில் தொற்றத் தயாரான புழுவாகிவிடும். மேய்ச்சல் நிலத்தில் புழுவைப் பெருக்குவது பெரும்பாலும் ஆட்டுமந்தைதான், அதை மேய்ந்து வாங்கிக்கொள்வது மான்.

மாதாமாதம் ஊற்றுவது ஏன் தவறு? புழு எல்லா ஆட்டிலும் சமமாக இருக்காது. காட்டு விலங்கானாலும் வீட்டு விலங்கானாலும், ஐந்தில் ஒரு பங்கு விலங்குகளின் வயிற்றில்தான் பெரும்பாலான புழுக்கள் இருக்கும். அந்தச் சில ஆடுகளுக்கு மட்டும் கொடுத்தால் போதும். மற்ற ஆடுகளில் மருந்து படாத புழு மிஞ்சியிருந்தால்தான் மருந்தைத் தாங்கும் புழு அவற்றோடு கலந்து நீர்த்துப்போகும். எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில், ஒரே மருந்தை ஊற்றினால் மிஞ்சுவது மருந்துக்கு அசையாத புழு மட்டும்தான். முகாம் போட்டு ஊர் மந்தை முழுவதற்கும் ஊற்றி, எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு போகிற வழக்கத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. எந்த ஆட்டில் புழு அதிகம் என்று அறியப் புழுக்கையில் முட்டை எண்ணிப் பார்க்கலாம் என்றால், நுண்ணோக்கி இருக்கும் இடத்தில் ஆள் இருப்பதில்லை, ஆள் இருக்கும் இடத்தில் நுண்ணோக்கி இருப்பதில்லை.

ஆகவே கீழ் இமையைத் திருப்பிப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். வெளுத்திருந்தால், தாடைக்கடியில் நீர் கோத்திருந்தால், அந்த ஆட்டுக்குக் கொடுங்கள். எடை போட்டு, கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள். வெள்ளாட்டின் உடல் மருந்தைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும் என்பதால் பல மருந்துகளில் செம்மறிக்குச் சொல்லும் அளவு அதற்குப் போதாது. கண்ணால் மதிப்பிட்டு ஊற்றுவதுதான் நான் பார்த்த தவறுகளில் மிகப் பெரியது.

ஒரு விதிவிலக்கு உண்டு. புதிதாக வாங்கிய ஆடு. அதன் கண் எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் மருந்து கொடுத்தே ஆக வேண்டும். தரகர் “போன வாரம்தான் ஊற்றினோம்” என்பார், நம்பாதீர்கள். அந்த ஆடு எத்தனை ஊர்ச் சந்தையைக் கடந்து வந்ததோ, எந்தெந்த மருந்துக்குப் பழகிய புழுவைச் சுமந்து வந்ததோ! மருத்துவரிடம் கேட்டு இரண்டு வேறு வகை மருந்தைக் கொடுங்கள். இரண்டு வாரம் பட்டியில் தனியாகக் கட்டித் தழை வெட்டிப் போடுங்கள். அந்தப் புழுக்கை மேய்ச்சல் நிலத்துக்குப் போகக் கூடாது. முட்டை இல்லை என்று தெரிந்தபின் அவிழ்த்துவிடுங்கள். அப்போதும் யாரும் மேயாத புது நிலத்தில் விடாமல் உங்கள் ஆடுகள் வழக்கமாக மேயும் இடத்திலேயே விடுங்கள். அங்கிருக்கும் சாதாரணப் புழுவோடு கலந்துவிட்டால், தப்பிய ஒன்றிரண்டின் வீரியம் குறைந்துவிடும். இந்த ஒரு வேலையைத் தட்டிக்கழித்துவிட்டு, “மானால் வந்தது” என்று பழிபோட்ட பட்டிகள் எனக்குத் தெரியும். உங்களுக்கு மெலிவு தொடங்கிய ஆறு மாதத்துக்கு முன் வெளியாடு ஏதாவது வாங்கினீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

பனி காயும்முன் மேய்க்க வேண்டாம். புழு பெரும்பாலும் புல்லின் அடிப்பகுதியில்தான் இருக்கும், அதனால் ஆட்டைக் குனிந்து மேயவிடாமல் தழை கடிக்க விட்டால் பாதித் தொல்லை குறையும்.

இப்போதே செய்ய வேண்டியது, மெலிந்த ஆடுகளின் புதுப் புழுக்கையைத் தனித்தனிப் பையில், காற்றை நன்றாக வெளியேற்றிக் கட்டி, அன்றே பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கொடுப்பது. தாமதமானால் குளிர்ப்பெட்டியில் வைக்கலாம், உறையவிடாதீர்கள். மருந்து கொடுத்த 14-ஆம் நாள் அதே ஆடுகளின் புழுக்கையை மீண்டும் கொடுங்கள். முன்பு 100 முட்டை இருந்த இடத்தில் ஐந்துக்கு மேல் மிஞ்சியிருந்தால் அந்த மருந்து உங்கள் பட்டியில் எடுபடவில்லை என்று பொருள். மருத்துவரிடம் வேறு வகை கேளுங்கள்.