சுவரில் மாட்டியிருக்கும் படம்
வாசகர் கேள்வி – பதில்

உங்கள் மனத்தில் நாயகராக நிற்பவர் யார், ஏன் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுள் சில, பதில்களாக அமையாமல் கேள்விகளாகவே அமைந்திருந்தன. அவற்றில் நான்கை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் தாத்தா பண்ணையாளாக இருந்தவர். அவருடைய வீட்டில் சாமி படங்களின் வரிசையில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் படமும் மாட்டியிருந்தது. கற்பூரத் தட்டை அந்தப் படத்துக்கும் காட்டுவார். வெளியூர்க்காரர் ஒருவர்மீது அவருக்கு ஏன் அவ்வளவு பற்று?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: தாத்தாவின் இளமைக் காலத்துக் கீழத்தஞ்சையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பண்ணையாள் விடிவதற்கு முன் வயலில் இறங்கி, இருட்டிய பிறகே கரையேற வேண்டும். பெரும்பாலும் தலித் மக்களான அவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணைக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தார்கள். வேலைக்குச் சற்றுத் தாமதமாக வந்தாலும், மிராசுதாரிடம் நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசினாலும் சவுக்கடி விழும். அதைவிடக் கொடியது சாணிப்பால்: மாட்டுச் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து, ஆளைக் கட்டிவைத்து வாயில் ஊற்றுவார்கள். இதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது. உங்கள் தாத்தா இதைக் கண்ணால் பார்த்திருப்பார். ஒருவேளை அனுபவித்தும் இருப்பார்.

கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட சீனிவாசராவ், கம்யூனிஸ்ட் கட்சியின் ஊழியராக 1943ஆம் ஆண்டு இந்தக் கிராமங்களுக்கு வந்தார். சேரித் திண்ணையில் படுத்து, அவர்கள் கொடுத்த கஞ்சியைக் குடித்து, அவர்கள் பேசிய தமிழையே பேசக் கற்றுக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். மன்னார்குடிப் பக்கத்துத் தென்பரையில் தொடங்கிய விவசாயிகள் சங்கம் வாய்க்காலில் வந்த புதுத்தண்ணீர் போலக் கிராமம் கிராமமாகப் பரவியது. சாணிப்பாலும் சவுக்கடியும் நின்றதற்கு அந்தச் சங்கமே காரணம். பண்ணையாளை நினைத்தபோது விரட்டிவிட முடியாது என்றும், வாரக் குத்தகைக்குப் பயிரிடுபவருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு சேர வேண்டும் என்றும் 1952ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னதற்குப் பின்னாலும் அந்தப் பத்தாண்டுப் போராட்டம் இருக்கிறது.

அவர் நினைத்திருந்தால் ஊருக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. நில உச்சவரம்புப் போராட்டம் நடந்துகொண்டிருந்த 1961 செப்டம்பர் 30 அன்று இந்த மண்ணிலேயே உயிர் நீத்தார். அவருடைய நினைவிடம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஒரு மாலை நேரம் போய் நின்றுவிட்டு வாருங்கள். கற்பூரம் காட்டியதைப் பற்றிக் கேட்டீர்கள். சீனிவாசராவ் அதை விரும்பியிருக்க மாட்டார்தான். ஆனால் முதுகில் சவுக்கு விழாமல் செய்தவருக்கு நன்றி சொல்ல உங்கள் தாத்தாவுக்குத் தெரிந்த வழி அதுவாக இருந்தது. அந்தப் படத்தைக் கழற்றிவிடாதீர்கள்.

கேள்வி: நான் வேளாண்மை படிக்கிறேன். பசுமைப் புரட்சி விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனையும் இயற்கை வேளாண்மையாளர் நம்மாழ்வாரையும் ஒருசேர மதிப்பது முரண்பாடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரியா?
– மாணவி, கும்பகோணம்

பதில்: சரியில்லை. கொள்கையில் இருவரும் எதிரெதிர்த் திசையில் நின்றவர்கள் என்பது உண்மையே. ஒருவர் உயர் விளைச்சல் ரகங்களால் நாட்டின் பசியைப் போக்கலாம் என்று நம்பினார். மற்றவர் அந்த ரகங்களோடு வந்த உப்பு உரமும் பூச்சிக்கொல்லியும் மண்ணைக் கெடுத்தன என்று ஊர் ஊராகச் சொன்னார். நம்மாழ்வார் சொன்னதில் இன்று நமக்குக் கூடுதல் தேவை இருக்கிறது என்பதே என் எண்ணம். ஆயினும், உங்கள் ஊரில் பிறந்து மருத்துவராக வேண்டியிருந்த சுவாமிநாதன், 1943இல் வங்கத்தில் மக்கள் பட்டினியால் மடிந்ததை அறிந்து வேளாண்மைக்குத் திரும்பியவர். காவிரிக்கரைப் பிள்ளைக்கு வங்கத்துப் பட்டினி ஏன் வலிக்க வேண்டும்? இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வாரோ, கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணை வேலையை உதறிவிட்டு வந்தவர். டெல்டாவில் மீத்தேன் வாயு எடுக்கும் திட்டத்துக்கு எதிரான பயணத்தின் நடுவே, 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் மறைந்தார். பிறருடைய துன்பம் இருவருடைய வாழ்க்கையையும் திருப்பிப் போட்டது.

நம்மாழ்வார் வழியில் வந்த நெல் ஜெயராமனையும் இவர்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடி மீட்டவர் அவர். நெல் திருவிழாவில் ஒரு விவசாயிக்கு இரண்டு கிலோ விதைநெல் கொடுத்து, மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திரும்ப வாங்குவார். அது அடுத்த விவசாயிக்குப் போகும். மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் இன்று நம் கடைகளில் கிடைப்பதில் அந்த இரண்டு கிலோவுக்குப் பெரும் பங்குண்டு.

கேள்வி: நாயகர் பட்டியல் என்றால் ஆண்களாகவே வருகிறார்களே?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கீழ்வேளூர்

பதில்: நியாயமான வருத்தம். உங்கள் ஊருக்கு அருகிலேயே ஒருவர் இருக்கிறாரே! கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு, அந்த மக்களோடு இருக்க வந்தவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். அவரும் நம் பகுதியில் பிறந்தவரல்லர். 1981இல் லாப்டி (உழுபவரின் நில உரிமை இயக்கம்) அமைப்பைத் தொடங்கி, நில உரிமையாளர்களிடம் பேசி நிலத்தை விலைக்கு வாங்கி, நிலமற்ற குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். பட்டாவைப் பெண்களின் பெயரில் எழுதியதைத்தான் நான் அவருடைய பெரும் செயலாகக் கருதுகிறேன்.

கேள்வி: உங்களுடைய நாயகர் யார்?
– வாசகர், நன்னிலம்

பதில்: 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பேராவூரணிப் பக்கத்தில் எங்கள் உறவினர் வீட்டில் இருந்தேன். தென்னைகள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து கிடந்தன. இரண்டு வாரங்களுக்கு மேல் விளக்கு இல்லை. ஒரு நாள் காலையில் ஏழெட்டுப் பேர், மின்கம்பம் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தோளில் சுமந்தபடி, இடுப்பளவு சேற்றில் வயலின் குறுக்கே நடந்து வந்தார்கள். வண்டி போக வழியில்லை. அவர்களில் ஒருவருக்கு உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துப் புண்ணாகியிருந்தன. கிழிந்த துண்டைச் சுற்றிக்கொண்டு கம்பத்தில் ஏறினார்.

"எந்த ஊரு தம்பி?" என்று என் அத்தை கேட்டார்.

"ஈரோடு மாவட்டம் கோபிப் பக்கமுங்கம்மா. வந்து பதிமூணு நாளாச்சுங்க."

பால் இல்லாததால் வரக்காப்பிதான் கொடுக்க முடிந்தது. நின்றபடியே குடித்தார். பணம் கொடுத்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அன்று இரவு ஏழு மணிக்குக் கூடத்தில் விளக்கு எரிந்தபோது அத்தை அழுதுவிட்டார். நான் வாசலுக்கு ஓடினேன். அவர்கள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டிருந்தார்கள். அவருடைய பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்ற வருத்தம் இன்றும் எனக்கு இருக்கிறது.