நாலு செல்லுக்கு நாலு கணக்கு

போன மாதம் டார்ச் லைட் செல்களைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சார்ஜரைப் பற்றித்தான். அதனால் இந்த மாதப் பகுதி முழுக்க அதற்கே. தூத்துக்குடியில் 31 வருடம் ரேடியோ, டிவி பழுது பார்த்தவன் நான். கடையை மூடிய பிறகும் செல்லும் சார்ஜரும் என்னை விடவில்லை. இதை எழுதும்போதும் மேசை ஓரத்தில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: சார், கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறேன். பிளாஷுக்கு எட்டு ரீசார்ஜபிள் பென்சில் செல் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் சார்ஜரிலிருந்து எடுக்கிறேன். ஆனாலும் தாலி கட்டும் நேரத்தில் பிளாஷ் அடுத்த வெளிச்சத்துக்குத் திணறுகிறது. குறை செல்லிலா, பிளாஷிலா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: தம்பி, இரண்டையும் விடுங்கள், முதலில் சார்ஜரைப் பாருங்கள். அதில் ஒரே ஒரு செல்லை மட்டும் போடுங்கள். விளக்கு எரியாமல், பக்கத்தில் இன்னொன்றைப் போட்ட பிறகுதான் எரிகிறது என்றால் அது ஜோடி சார்ஜர். வெளியே நாலு ஸ்லாட் தெரியும், உள்ளே இரண்டே சர்க்யூட். ஜோடியில் ஒன்று முன்பே நிரம்பியிருக்கும், மற்றது பாதியில் இருக்கும். நிரம்பியது சூட்டில் வேகும், நிரம்பாதது நிரம்பாமலே வெளியே வரும். பச்சை விளக்கு இரண்டுக்கும் சேர்த்து எரிந்துவிடும்.

நானும் அப்படி ஒன்றை இரண்டு வருடம் நம்பியிருந்தேன். பெயர் வேண்டாம். அப்புறம் ஒவ்வொரு செல்லையும் தனியாக அளக்கும் சார்ஜர் ஒன்று கைக்கு வந்தது. பழைய செல் நாலை எடுத்து, மார்க்கரால் 1, 2, 3, 4 என்று எழுதி உள்ளே போட்டேன். நாலும் ஒரே அட்டையில் வந்தவை, 2000 எம்ஏஎச் (செல் எவ்வளவு கொள்ளும் என்பதற்கான மில்லிஆம்பியர்-மணி அளவு). மறுநாள் காலையில் பார்த்தால் முதலாவதும் மூன்றாவதும் 1850-க்கு மேல். இரண்டாவது 1340. நாலாவது 900-ஐத் தாண்டவில்லை. அந்த நாலாவது செல்லைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். செல்லைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இரண்டு வருடமாக அதை அரைகுறையாக வளர்த்தது என் சார்ஜர்.

உங்கள் பிளாஷில் நாலு செல்லும் வரிசையாக நிற்கின்றன. நாலு வழியாகவும் ஒரே கரண்ட்தான் போயாக வேண்டும். ஒன்று காலியான பிறகும் மற்ற மூன்றும் அதன் வழியாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தச் செல்லின் பிளஸ் மைனஸாகத் திரும்பிப்போகும். இப்படி நாலைந்து தடவை ஆனால் செல் அவ்வளவுதான்.

ஸ்லாட்டுக்கு ஒரு சர்க்யூட் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் ரீசார்ஜபிள் பென்சில் செல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. அது தனக்கு வயிறு நிறைந்ததை மிக மெல்லிய குரலில்தான் சொல்லும். சார்ஜ் ஏற ஏற வோல்டேஜும் ஏறி 1.45, 1.5 வோல்ட் பக்கம் உச்சிக்குப் போகும். நிரம்பியதும் உள்ளே சூடு கிளம்பும், வோல்டேஜ் ஒரு பொடி இறங்கும். சில மில்லிவோல்ட்தான். அந்த இறக்கத்தைக் கண்டுபிடித்து நிறுத்துவதுதான் சார்ஜரின் வேலையே. இரண்டு செல்லைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்றின் இறக்கம் மற்றதன் ஏற்றத்தில் மறைந்துவிடும்.

கரண்ட் ரொம்பக் குறைந்தாலும் இதே கதைதான். மெதுவாக ஏற்றினால் செல்லுக்கு நல்லது என்று பலரும் 200 மில்லிஆம்பியரில் வைக்கிறார்கள். 2000 எம்ஏஎச் செல்லுக்கு அந்த வேகத்தில் இறக்கமே தெரியாது, சார்ஜர் நிறுத்தாமல் ஊட்டிக்கொண்டே இருக்கும். பென்சில் செல்லுக்கு 1000 வையுங்கள். ரிமோட்டில் போடும் சின்ன செல்லுக்கு 400 போதும். முடிகிற நேரத்தில் செல் வெதுவெதுப்பாக இருப்பது சரி. கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் உடனே எடுத்துவிடுங்கள். ஸ்லாட்டுகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளியும் அடியில் காற்றுத் துளைகளும் இருக்கிற சார்ஜராகப் பார்த்து வாங்குங்கள். ஒட்டி ஒட்டிப் படுத்தால் நடுவில் இருக்கும் இரண்டும்தான் சீக்கிரம் சாகும்.

எட்டு செல்லையும் அளந்து, நிகரானவற்றை நாலு நாலாகச் சேர்த்து 'அ', 'ஆ' என்று எழுதிவிடுங்கள். கலக்கவே கலக்காதீர்கள்.

கேள்வி: வால்பாறையில் இருக்கிறேன். இரவில் வீடு திரும்ப நல்ல டார்ச் வேண்டும். 9900 எம்ஏஎச் என்று போட்ட 18650 செல் வாங்கினேன். ஒரு மணி நேரம்கூட எரியவில்லை. சார்ஜர் சரியாக ஏற்றவில்லையா?

பதில்: ஐயா, சார்ஜரின் மேல் தப்பில்லை. 18650 என்றால் 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். அந்த அளவுக்குள் இன்று நல்ல கம்பெனிகள் அடைப்பதே 3500, மிஞ்சினால் 4000 எம்ஏஎச் பக்கம்தான். 9900 என்று அச்சடித்திருப்பது பொய். நகைக்கடையில் கேட்டு எடை போட்டுப் பாருங்கள். நல்ல செல் 45 கிராம் பக்கம் இருக்கும். காட்டு வழியில் அணைந்துபோகிற டார்ச்சை நம்பி நடக்க வேண்டாம், அந்தச் செல்லை ஒதுக்கிவிடுங்கள்.

சார்ஜர் வாங்கும்போது ஸ்லாட்டின் நீளத்தைக் கவனியுங்கள். பாதுகாப்பு சர்க்யூட் ஒட்டிய 18650 செல் 70 மில்லிமீட்டர் வரை வரும். அதைவிடப் பெரிய 21700 வகையில் அதே சர்க்யூட் சேர்ந்தால் 75 ஆகிவிடும். கம்பி இழுத்து, செல்லைச் சாய்வாகத் திணிக்கிற மாதிரி இருந்தால் வேண்டாம். உறை கிழிந்தால் ஷார்ட் ஆகும். சார்ஜரில் முன்னும் பின்னும் நகரும் முனை, செல்லை நேராக, பதமாகப் பிடிக்க வேண்டும்.

இந்த 18650, 21700 எல்லாம் லித்தியம் செல்கள். சாதாரண லித்தியம் அயன் செல்லை 4.2 வோல்ட்டில் நிறுத்த வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்று இன்னொரு வகை இருக்கிறது, அதற்கு 3.65. பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். எது எது என்று சார்ஜரால் நிச்சயமாகக் கண்டுபிடிக்க முடியாது, நாம்தான் சொல்ல வேண்டும். அதனால் அதை மாற்றும் பொத்தான் கைதவறி அமுங்காத இடத்தில் இருக்க வேண்டும். இதை நான் எல்லா வசதிக்கும் மேலாக வைக்கிறேன்.

கேள்வி: என் செல்லில் 2000 என்று போட்டிருக்கிறது. சார்ஜர் முடிந்ததும் 2350 காட்டுகிறது. நல்ல செல் கிடைத்துவிட்டதா சார்? (நாகர்கோவில் கல்லூரி மாணவர்)

பதில்: இல்லை தம்பி. அது உள்ளே போன கணக்கு. நிக்கல் செல்லில் போனதில் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். முழுதாக ஏற்றி, 0.9 வோல்ட் வரை இறக்கி, இறங்கும்போது எண்ணுகிற எண்தான் செல்லின் உண்மையான கொள்ளளவு. அந்தச் சோதனையைத் தானே செய்து முடித்து, திரும்ப ஏற்றியும் வைக்கிற சார்ஜர்தான் பொழுதுபோக்காகச் செய்கிறவர்களுக்கு ஏற்றது. ஏற்றியது எவ்வளவு, இறக்கியது எவ்வளவு என்று திரையில் தனித்தனியாகக் காட்ட வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் காட்டிக் குழப்புகிற சார்ஜர்கள் உண்டு.

சில சார்ஜர்கள் மில்லிஓமில் உள் மின்தடை, அதாவது செல்லுக்குள்ளேயே கரண்டுக்கு இருக்கும் தடை, காட்டுவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். செல்லை லேசாக அழுத்திவிட்டுத் திரும்ப அளந்து பாருங்கள், எண் மாறும். முனை தொடும் இடத்தின் தடையும் அதில் கலந்துவிடுகிறது. உங்கள் செல்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ராத்திரி சோதனை போட்டுவிட்டுப் படுக்கிறேன். கரண்ட் போய் வந்தால் எல்லாம் முதலிலிருந்து. வழி உண்டா? (பரமக்குடி)

பதில்: இது எனக்கும் தீராத மனக்குறை. கரண்ட் போகக்கூட வேண்டாம், மெயினிலிருந்து இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த ஒரு கண்ணிமைப்பு போதும். எட்டு மணி நேரக் கணக்கு அழிந்து, திரையில் பூஜ்யம் நிற்கும். சில சார்ஜர்கள் நாம் வைத்த கரண்டையும் மறந்து, தன் இஷ்டத்துக்கு ஒரு அளவில் ஏற்ற ஆரம்பிக்கும். இத்தனை மணி நேரம் என்று கடிகாரத்தை நம்பி நிறுத்துகிற மலிவு வகை, நிரம்பிய செல்லுக்கே இன்னொரு முழுச் சுற்று ஊட்டிவிடும். வைத்ததை நினைவில் வைத்திருக்கும் சார்ஜர்கள் இருக்கின்றன. கடைக்காரர் முன்னாலேயே பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகிப் பார்த்து வாங்குங்கள். வெட்கப்பட வேண்டாம், நான் அப்படித்தான் வாங்கினேன்.

யூஎஸ்பி வழியாக ஓடும் சார்ஜர் என்றால் பவர் பேங்க்கில் போட்டு இந்தத் தொல்லையைத் தவிர்க்கலாம். ஆனால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட். நாலு லித்தியம் செல்லுக்கு ஆளுக்கு 1 ஆம்பியர் என்றால் முடிகிற கட்டத்தில் 17 வாட் பக்கம் வேண்டும். அட்டையில் 1 ஆம்பியர் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். நாலும் சேர்ந்தால் பாதிதான் என்பது பொடி எழுத்தில் இருக்கும். எனக்கு 12 வோல்ட் அடாப்டரில் ஓடுவதுதான் பிடித்திருக்கிறது. காரிலும் செருகிக்கொள்ளலாம்.

கேள்வி: சார்ஜர் முனைகளில் மங்கலாகப் படிகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா? (நாகப்பட்டினம்)

பதில்: கூடாது. மேல் பூச்சு போய்விடும், கடல் காற்றில் அப்புறம் இன்னும் வேகமாகக் கறுக்கும். பிளக்கை எடுத்துவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். நான் மாதம் ஒரு முறை செய்கிறேன்.

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் மகன் ரிமோட் கார் செல்லுக்கு சார்ஜர் கேட்கிறான். எது வாங்கிக் கொடுக்கலாம்? பயமாகவும் இருக்கிறது. (ஒரு தாய், திருப்பூர்)

பதில்: அம்மா, அவன் காரில் பென்சில் செல்தான் என்றால் நிக்கல் வகைக்கு மட்டுமான நாலு ஸ்லாட் சார்ஜர் போதும், ஸ்லாட்டுக்குத் தனி விளக்கோ திரையோ இருக்கட்டும். லித்தியம் இப்போதைக்கு வேண்டாம். செல்லைத் திருப்பிப் போட்டாலும் கெடாத வகையா என்று கேட்டு வாங்குங்கள், பிள்ளைகள் கட்டாயம் ஒரு நாள் திருப்பிப் போடுவார்கள். சுவர்க் கடிகாரத்தில் போடும் சாதாரண செல்லை அதில் போடக் கூடாது, கசியும். இதைச் சார்ஜர் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். சார்ஜரின் இடம் டைல்ஸ் தரை. மெத்தை மேலே கூடவே கூடாது. வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும் போடட்டும்.

கூடவே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். செல்லுக்கு எண் போட்டு, எந்தத் தேதியில் ஏற்றினான், கார் எத்தனை நிமிடம் ஓடியது என்று எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து இந்தப் பகுதிக்கு அனுப்பி வைத்தால், எந்தச் செல் தளர்கிறது என்று நானும் அவனும் சேர்ந்து பார்க்கிறோம்.