25% மிச்சம்: ஒரே சேமிப்பை இரண்டு முறை கழிக்கிறீர்கள்

திறன் கூடிய மோட்டார்களால் 20 ஆண்டில் எவ்வளவு மின்சாரம் மிச்சமாகும் என்று பார்க்க, பொறியியல் கணக்கைப் பொருளாதார மாதிரியோடு இணைத்தீர்கள்; மிச்சம் ஏன் இவ்வளவு கூடியது என்று கேட்கிறீர்கள். பொருளாதார மாதிரியில் ஆண்டுக்கு 1% என்று வைத்திருக்கிறீர்களே, அந்தத் தானியங்கு திறன் முன்னேற்ற விகிதம் (விலை மாறாவிட்டாலும் ஆற்றல் தேவை ஆண்டுதோறும் தானாகக் குறையும் என்று வைக்கும் அளவு), அதை 0 ஆக்கி ஓட்டிப் பாருங்கள். பொறியியல் கணக்கில் 8% மிச்சம், இணைத்ததும் 25% ஆனதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். பழைய மோட்டார் போய்ப் புதியது வருவதும் அந்த 1%-க்குள் ஏற்கெனவே இருக்கிறது.

கணக்கே காட்டிக்கொடுக்கிறது: ஆண்டுக்கு 1% குறைந்தால் மீதி 0.99; அதை 20 ஆண்டுக்குப் பெருக்கினால் 0.82. அதை, 8% மிச்சம் போக மீதியான 0.92-ஆல் பெருக்கினால் 0.75, அதாவது 25% மிச்சம்.

இன்னொன்றும் தெரிகிறது. விடை அச்சாக இரண்டின் பெருக்கல் என்றால், விலை வேலையே செய்யவில்லை. திறன் கூடினால் பயன்பாட்டுச் செலவு குறையும், ஆட்கள் கொஞ்சம் கூடுதலாக ஓட்டுவார்கள், சேமிப்பில் ஒரு பங்கு திரும்பிப் போகும். உங்கள் தேவைச் சமன்பாட்டில் இருப்பது வெறும் மின்விலையா, மின்விலையைத் திறனால் வகுத்ததா என்று பாருங்கள். இரண்டாவதுதான் வேண்டும். இப்படிப் பொறியியலையும் பொருளாதாரத்தையும் இணைக்கும் மார்க்கல்-மேக்ரோ மாதிரியிலும் இரு பக்கத்தையும் இணைப்பது மின்சார அளவு அல்ல, பயன் ஆற்றல் தேவைதான் (கருவி செய்து தரும் வேலையின் அளவு).

சரி, சோதனைக்குத்தான் 0. அப்படியே விட்டுவிடாதீர்கள். கனரகத் தொழிலிலிருந்து சேவைத் துறைக்கு நகர்வதும் அந்த விகிதத்தில் அடங்கும், அது மோட்டார் கணக்கில் வராது. நானாக இருந்தால் 0.3%, 0.6% இரண்டும் வைத்து ஓட்டி, விடையை வீச்சாகவே எழுதுவேன்.