தூக்குக் கயிறும் அரிசி டின்னும் – கடிதம்

அன்புள்ள தங்கச்சி,

வணக்கம். டெக்சஸ் மாநிலத்து யூவால்டி பள்ளிக்கூடத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 2022 மே 24 அன்று பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் 19 பிள்ளைகளையும் 2 ஆசிரியைகளையும் சுட்டுக் கொன்றதையும், அதற்குப் பிறகும் அங்கே துப்பாக்கிச் சட்டம் பெரிதாக மாறவில்லை என்பதையும் சொல்லியிருந்தீர்கள். என் மகள் சான் அன்டோனியோவில் இருக்கிறாள். அங்கிருந்து யூவால்டி ஒன்றரை மணி நேரம். பேரனுக்கு ஏழு வயது. வகுப்பில் விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் மூலையில் உட்காரப் பழக்குகிறார்களாம். "தாத்தா, நான்தான் ரொம்ப அமைதியா இருந்தேன்னு டீச்சர் சொன்னாங்க" என்று போனில் பெருமையாகச் சொல்கிறான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் 38 வருஷம் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன். நம் நாட்டில் துப்பாக்கி எடுத்துச் சுட்டால் தூக்கு. அந்தப் பயத்தால்தானே நம் பிள்ளைகள் நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போகிறார்கள்? அங்கேயும் நாலு பேரைத் தூக்கில் போட்டால் அடங்க மாட்டார்களா? மாப்பிள்ளையோ, துப்பாக்கி தானாகச் சுடுவதில்லை, மனுஷன் கெட்டுப்போனால் பாராங் கத்தியாலும் வெட்டுவான் என்கிறார். வீட்டில் ஒரு துப்பாக்கியும் வாங்கி வைத்திருக்கிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

அன்புடன்,
ஓய்வுபெற்ற கிராணி ஒருவர்
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்)

*

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

பேரன் சொன்ன அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். மன்னியுங்கள்.

தூக்கு விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். உங்கள் மகள் இருக்கும் டெக்சஸ்தான் அமெரிக்காவிலேயே அதிகம் பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றிய மாநிலம். 1982 முதல் ஐந்நூறு பேரைத் தாண்டிவிட்டது. நாலு பேர் கேட்டீர்கள், ஐந்நூறு பேர் போயும் யூவால்டி நடந்தது. பள்ளிக்கூடத்துக்குள் துப்பாக்கியோடு நுழைகிறவர்களில் பலர் திரும்பி வரும் எண்ணத்தோடு போவதில்லை. சாகத் தயாராகிவிட்டவனிடம் கயிற்றைக் காட்டி என்ன பயன்?

நம் கதையும் நீங்கள் நினைப்பது போல அவ்வளவு நேராக இல்லை. 1971இல் வந்த துப்பாக்கிக் குற்றங்களுக்கான கூடுதல் தண்டனைச் சட்டம் கடுமையானதுதான். கொள்ளையடிக்கும்போது கொல்லவோ காயப்படுத்தவோ எண்ணிச் சுட்டால், யாருக்கும் காயம் படாவிட்டாலும் மரண தண்டனை. கூட்டாளிக்கும் அதே. அந்தச் சட்டம் வந்து நாலைந்து வருஷத்தில்தான் போட்டாக் சின் என்ற கொள்ளைக்காரன் கோலாலம்பூரைக் கலக்கினான். 1981இல் தூக்கிலிட்டார்கள், ஆனால் கயிறு அவனுக்கு முன்பே தயாராகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. 2013 ஜூலையில் வங்கி நிறுவனர் ஹுசைன் நஜாடியைத் தலைநகரத்தில் பட்டப்பகலில் சுட்டுக் கொன்றார்கள். 2024 ஏப்ரலில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலேயே ஒருவன் மனைவியைக் குறிவைத்துச் சுட்டான். குண்டு அவருடைய மெய்க்காப்பாளர் மீது பாய்ந்தது. 2023 ஜூலையிலிருந்து தூக்கு கட்டாயமில்லை என்றாகிவிட்டது. நீதிபதி விரும்பினால் 30 முதல் 40 வருஷச் சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். 2018க்குப் பிறகு நம் நாட்டில் யாரையும் தூக்கிலிடவும் இல்லை. இருந்தும் நம் பிள்ளைகள் பயமில்லாமல்தான் பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள்.

அதோடு, சுங்கை சிப்புட்காரரான நீங்கள் அந்தக் கயிற்றைப் பற்றி இவ்வளவு பெருமையாக எழுதியது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நம் ஊரிலிருந்துதானே அது தொடங்கியது? 1948 ஜூன் 16 காலையில் எல்பில் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரையும் பின் சூன் தோட்டத்தில் இரண்டு துரைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு கம்யூனிஸ்டுகளை ஒடுக்க பிரிட்டிஷ் அரசின் அவசரகாலம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே மரணம் என்ற விதி வந்தது. அடுத்த வருஷம் மே 4 அன்று, அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியை அந்த விதியின் கீழ்தான் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அவர் யாரையும் சுட்டதாக வழக்கே இல்லை, வைத்திருந்தார் என்பதுதான் குற்றம். கிடைத்த துப்பாக்கியைப் போலீசில் ஒப்படைக்கக் கொண்டுபோனார் என்று ஒரு பேச்சு இன்றைக்கும் உண்டு. இந்திய அரசு முயன்றும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அவர் செத்ததால் தோட்டத்தில் துப்பாக்கிச் சத்தம் நின்றதா? அவசரகாலம் 1960 வரை ஓடியது. 1977இல் பினாங்கில் 14 வயதுப் பையனுக்குக் கைத்துப்பாக்கி வைத்திருந்ததற்காக மரண தண்டனை விதித்தார்கள். உலகமே சத்தம் போட்ட பிறகுதான் அவன் தப்பினான். அந்த வயதில் என் அண்ணன் மகன் மீன் பிடிக்கத் தூண்டில் திருடிக்கொண்டிருந்தான்.

அப்படியென்றால் நம்மைக் காப்பது எது என்று கேட்பீர்கள். என் பெரியப்பாவை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், லிந்தாங் பக்கம் ஐந்து ஏக்கர் பால்மரம் வைத்திருந்தார். கன்றுகளைக் காட்டுப்பன்றி தோண்டிப் போடுகிறது என்று மனுப்போட்டு ஒரு செனாப்பாங் துப்பாக்கி வாங்கினார். நடுவில் மடங்குமே, அந்த மாதிரி. அதை வாங்க அவர் பட்ட பாட்டை வீட்டில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். எதற்கு வேண்டும், நிலம் எங்கே, எத்தனை ஏக்கர், கேஸ் ஏதும் உண்டா என்று கேட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்குப் போய் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. "பொண்ணு கட்டறதுக்குக்கூட இவ்ளோ கேக்கலடா" என்பார்.

வீட்டில் பெரியம்மா தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார். துப்பாக்கி அலமாரியில் இருக்கும், தோட்டா அவர் கையில். எங்கே வைக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு வருஷம் தீமிதித் திருவிழாக் கணக்கில் கோயில் கமிட்டியில் சண்டை. பெரியப்பாவைத் திருடன் என்று ஒருவர் மைக்கிலேயே சொல்லிவிட்டார். பெரியப்பா கொஞ்சம் குடித்தும் இருந்தார். வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து துப்பாக்கியை எடுத்தார். எனக்கு அப்போது பதினொரு வயது, அங்கேதான் படுத்திருந்தேன். தோட்டா எங்கே என்று கத்துகிறார். பெரியம்மா, "எங்க வெச்சேன்னு ஞாபகம் இல்ல, தேடித்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு டின்னாகத் திறந்து மூடுகிறார். மிளகாய்த்தூள் டின், பருப்பு டின், பிஸ்கட் டின். ரொம்ப நிதானமாக. இருபது நிமிஷம் இருக்கும். பெரியப்பா துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார், பிறகு அழுதார், பிறகு அப்படியே தூங்கிப்போனார். மறுநாள் காலையில் பெரியம்மா அரிசி டின்னுக்குள் கையை விட்டுத் துணி மூட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அரிசியை அளந்து உலையில் போட்டார். பெரியப்பா இறந்த பிறகு என் அண்ணன் அந்தத் துப்பாக்கியைக் கைலியில் சுற்றிப் பாலாயில் ஒப்படைத்துவிட்டு வந்தார்.

அந்த இரவில் பெரியப்பாவுக்குத் தூக்கு நினைவுக்கு வரவே இல்லை, அண்ணன். பிற்பாடு நானே கேட்டிருக்கிறேன். அவரைத் தடுத்தது அந்த இருபது நிமிஷம். பாலாயில் கேட்ட "எதற்கு வேண்டும்" என்ற கேள்வியும் பெரியம்மாவின் டின்னும் எனக்கு ஒரே சட்டத்தின் இரண்டு பிரிவுகளாகத்தான் தெரிகின்றன.

ஆஸ்திரேலியா செய்ததும் இதுதான். 1996 ஏப்ரல் 28 அன்று டாஸ்மேனியாவில் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். பிரதமர் ஜான் ஹோவர்ட் வலதுசாரிக் கட்சிக்காரர். அவருடைய கூட்டணிக்கு ஓட்டுப் போட்ட கிராமத்து விவசாயிகள்தான் துப்பாக்கி வைத்திருந்தவர்கள். ஒரு கூட்டத்தில் சட்டைக்குள் குண்டு துளைக்காத கவசம் போட்டுக்கொண்டு அவர்கள் முன்னால் பேசினார். பன்னிரண்டே நாளில் எல்லா மாநிலங்களும் ஒப்புக்கொண்டன. ஏறத்தாழ 6,50,000 துப்பாக்கிகளை அரசே காசு கொடுத்து வாங்கி அழித்தது. விவசாயிக்கு இன்றும் துப்பாக்கி உண்டு, காரணம் சொல்ல வேண்டும். தற்காப்பு என்பதைக் காரணமாக ஏற்பதில்லை. யாரையும் தூக்கில் போடவில்லை, அங்கே மரண தண்டனையே கிடையாது. ஆனால் அதுவும் மந்திரக்கோல் அல்ல. 2025 டிசம்பரில் சிட்னியின் போண்டி கடற்கரையில் யூதர்களின் விழாவில் 15 பேரைக் கொன்றவர்களில் ஒருவர் லைசென்ஸோடு துப்பாக்கிகள் வைத்திருந்தவர். ஒரே ஆளுக்கு இத்தனை துப்பாக்கி எதற்கு என்ற கேள்வி அங்கே உடனே எழுந்தது.

அமெரிக்காவில் அந்த "எதற்கு" என்ற கேள்வியைத்தான் கேட்க முடிவதில்லை. 1791இல் ஏற்கப்பட்ட அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்திருப்பதை உரிமையாக்கிவிட்டது. 2008இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம், அது தனிமனிதன் வீட்டில் தற்காப்புக்கு வைத்திருக்கும் உரிமை என்று உறுதிசெய்தது. 2012இல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 சின்னப் பிள்ளைகளும் 6 பெரியவர்களும் செத்த பிறகு, துப்பாக்கி வாங்குகிறவரின் பின்னணியை இன்னும் பரவலாகச் சோதிக்க ஒரு மசோதா வந்தது. ஆதரவு 54, எதிர்ப்பு 46. அதிகம் பேர் ஆதரித்தும் தோற்றது, ஏனென்றால் அவர்கள் செனட்டில் முட்டுக்கட்டையைத் தாண்ட 60 ஓட்டு வேண்டும். யூவால்டிக்குப் பிறகு ஒரு சிறிய சட்டம் வந்தது. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் கூடுதலாகச் சோதிப்பது அதில் ஒன்று. அதில் கையெழுத்தாவதற்கு இரண்டு நாள் முன்னால் உச்ச நீதிமன்றம் நியூயார்க்கின் நூறு வருஷத்துக் கட்டுப்பாடு ஒன்றைத் தள்ளுபடி செய்தது. அதுவும் என்ன கட்டுப்பாடு? வெளியே எடுத்துப்போக விரும்புகிறவர் தகுந்த காரணம் காட்ட வேண்டும் என்பது.

மாப்பிள்ளை சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. நம் பக்கத்து நாடான தாய்லாந்தில் 2022 அக்டோபரில், வேலையிலிருந்து நீக்கப்பட்ட போலீஸ்காரன் ஒருவன் குழந்தைகள் காப்பகத்தில் புகுந்து கொன்றபோது, பெரும்பாலான குழந்தைகள் கத்தியால்தான் செத்தார்கள். அவன் உள்ளே நுழைந்தது துப்பாக்கியோடு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் நம் தோட்டத்துப் பாராங் சண்டைகள் எத்தனையை நீங்கள் பார்த்திருப்பீர்கள்? வெட்டுப்பட்டவன் ஓடுவான், நாலு பேர் சேர்ந்து பிடிப்பார்கள், ஒருவனுக்குத் தையல், ஒருவனுக்கு லாக்கப். யூவால்டியில் 376 காவலர்கள் கையில் துப்பாக்கியோடு வந்தும் 77 நிமிஷம் அந்த வகுப்புக்குள் போகவில்லை. உள்ளே இருந்தவன் கையில் பாராங் என்றால் ஒரு நிமிஷம் நின்றிருப்பார்களா?

நம் தோட்டங்களில் இதே வாதம் இன்னொரு பெயரில் நடந்தது, நீங்களே சாட்சி. புல் மருந்து. பாராகுவாட் என்ற களைக்கொல்லி விஷம். லயத்து வீடுகளில் கோபமும் கடனும் இருந்தன, கைக்கெட்டிய தூரத்தில் அந்தப் புட்டியும் இருந்தது. "சாக நினைக்கிறவன் எப்படியும் சாவான்" என்று துரைகளும் சொன்னார்கள், நம் ஆட்களும் சொன்னார்கள். 2002இல் நிறுத்தப்போவதாக அறிவித்த அரசு, 2006இல் மறுபடி அனுமதித்தது. 2020 ஜனவரியில்தான் முழுத்தடை. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை 1995 வாக்கில் தடைசெய்யத் தொடங்கினார்கள். அடுத்த இருபது வருஷத்தில் தற்கொலை விகிதம் எழுபது விழுக்காடு அளவுக்கு இறங்கியது. அங்கே அந்தக் காலம் முழுக்கத் துக்கத்துக்கா பஞ்சம்? 2009 வரை போர் நடந்துகொண்டிருந்தது.

இதை மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள். அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் பாதிக்கு மேல் தம்மையே சுட்டுக்கொண்டவர்கள். பள்ளிக்கூடத்தில் நடப்பது செய்தியில் வருகிறது, இது வருவதில்லை. தன் வீட்டுத் துப்பாக்கி வெளியாளைப் பார்த்துத்தான் நீளும் என்று நினைத்து வாங்குகிறார்கள்.

அவரோடு சட்டம் பேசிச் சண்டை போடாதீர்கள். மாமனார் பேசினால் காதில் ஏறாது, அது உலக வழக்கம். துப்பாக்கியைப் பூட்டி வைத்திருக்கிறாரா, தோட்டா வேறு இடத்தில் இருக்கிறதா, சாவி பேரன் கைக்கு எட்டுமா என்று மகளிடம் மட்டும் கேளுங்கள். பேரன் விளையாடப் போகும் வீடுகளிலும் அவள் இதையே கேட்க வேண்டும். அங்கே கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றால், என் பெரியம்மாவின் டின் கதையைச் சொல்லிவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தங்கச்சி