வாய்ச்சொல்லாகத்தான் ஒத்துக்கொண்டேன், அதற்கும் ஒரு கிறிஸ்தவன் கட்டுப்பட வேண்டுமா?

கேள்வி கேட்டவர் திருப்பூரில் சின்னதாகத் தையல் யூனிட் நடத்துகிறவர். ஒரு பார்ட்டிக்குப் பீஸ் ரேட் பேசி ஒத்துக்கொண்டார், எழுத்தில் ஒன்றும் இல்லை, அடுத்த வாரமே இன்னொரு பார்ட்டி பீஸுக்கு 2 ரூபாய் கூடத் தருகிறேன் என்று வந்து நிற்கிறார். முதல் ஆர்டரை விட்டுவிட்டால் பாவமா என்பது அவர் கேள்வி. நானும் அதே தொழில், அதே ஊர் என்பதால் எழுதுகிறேன்.

விடக்கூடாது என்பதுதான் என் பதில். சட்டத்தைப் பார்த்தாலும் 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான், எழுத்தில் இல்லை என்பதற்காக அது இல்லாமல் போய்விடாது. ஆனால் நீங்கள் சட்டத்தைக் கேட்கவில்லை என்று தெரிகிறது.

மத்தேயு 23-ல் இயேசு பரிசேயர்களைக் கடிந்துகொள்கிற இடத்தை எடுத்துப் பாருங்கள். ஆலயத்தின் மேல் சத்தியம் செய்தால் ஒன்றுமில்லை, ஆலயத்தில் இருக்கிற பொன்னின் மேல் செய்தால்தான் கட்டுப்பட வேண்டும் என்று அவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள். எந்தச் சத்தியம் ஒட்டும், எது ஒட்டாது என்று தரம் பிரித்து, ஒட்டாததைச் சொல்லித் தப்பிக்கிற வழி அது. "எழுத்தில் இல்லையே" என்று நாம் சொல்வதும் அதே கணக்குதான். அதனால்தான் மலைப்பிரசங்கத்தில் சத்தியமே வேண்டாம், "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்று முடித்துவிட்டார். நஷ்டம் வந்தால் என்ன செய்வது என்பதற்கு 15-ம் சங்கீதம் நேராகவே பதில் சொல்கிறது: "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்." கர்த்தருடைய கூடாரத்தில் யார் தங்குவான் என்ற கேள்விக்கு வருகிற பதிலில் இதுவும் ஒன்று. உங்கள் விஷயத்தில் அது நஷ்டம்கூட இல்லை, வரக்கூடிய லாபம் குறைகிறது, அவ்வளவுதான்.

பழைய ஏற்பாட்டில் யோசுவா 9-ல் வருகிற கிபியோன் ஊர்க்காரர்கள் கதையும் எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். பூசணம் பூத்த அப்பத்தையும் கிழிந்த துருத்தியையும் காட்டி, தூரதேசத்து ஆட்கள் என்று பொய் சொல்லித்தான், தங்களைக் கொல்லமாட்டோம் என்று இஸ்ரவேலரின் தலைவர் யோசுவாவிடம் உடன்படிக்கை வாங்கினார்கள். மூன்றாம் நாளே குட்டு உடைந்துவிட்டது. ஏமாற்றி வாங்கின வாக்குதானே என்று யோசுவா விட்டுவிடவில்லை. பிற்காலத்தில் சவுல் ராஜா அதை மீறினதற்குத் தாவீதின் நாட்களில் மூன்று வருடம் பஞ்சம் வந்தது என்று 2 சாமுவேல் 21 சொல்கிறது.

இதெல்லாம் எனக்கும் ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்தே தெரியும். தெரிந்தும் நான் செய்ததைச் சொல்கிறேன்.

2022-ல் நூல் விலை தாறுமாறாக ஏறின சமயம், மே மாதம் இரண்டு நாள் பனியன் கம்பெனிகள் எல்லாம் அடைத்துப் போராடினோமே, அப்போது. எனக்கு வேலை கொடுத்த பார்ட்டி பணத்தை இழுத்துக்கொண்டே போனார், நான் என் ஆட்களுக்கு இழுத்தேன். எங்களிடம் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிற ஒரு அக்கா, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அவருக்கு மூன்று வாரக் கூலி பாக்கி. ஒவ்வொரு சனிக்கிழமையும் "வர்ற சனிக்கிழமை கண்டிப்பா தந்தர்றனுங்க அக்கா" என்பேன். வராது என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வாயில் வந்ததைச் சொல்வேன்.

நாலாவது சனிக்கிழமை அவர் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து மெஷின் மேல் வைத்தார். மளிகைக் கடைப் பாக்கி நோட்டு. ஒவ்வொரு வாரக் கணக்கின் கீழும் கடைக்காரர் நீல மையில் 'சனி' என்று எழுதி அடித்திருந்தார், மூன்று தடவை. "நீங்க வேதக்காரங்க, பொய் சொல்ல மாட்டீங்கன்னு கடையில நானே சொல்லிட்டு வந்தனுங்க தம்பி. இப்ப என்னைத்தான் பொய்க்காரின்னு பார்க்குறாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நோட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு மெஷினில் உட்கார்ந்துவிட்டார்.

நான் கொடுத்த வாக்கை நம்பி அவர் இன்னொரு இடத்தில் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தக் கடைக்காரரும் அதை நம்பி மண்டியில் ஏதாவது சொல்லியிருப்பார். நம் வார்த்தை நம்மோடு நிற்பதில்லை, கை மாறிப் போய்க்கொண்டே இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதில் கர்த்தருடைய பெயரும் சேர்ந்து போயிருந்ததை நினைத்து அன்று இரவு நான் தூங்கவில்லை. திங்கட்கிழமை வீட்டு நகையை வைத்து எல்லோருக்கும் பாக்கியைத் தீர்த்தேன். அக்காவோடு அந்தக் கடைக்கும் போய், தப்பு என்னுடையது, இவங்க மேல ஒண்ணும் இல்லைங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்புறம் யோசித்துப் பார்த்தால், நம் கொங்கு நாட்டில் அந்த மலைப்பிரசங்க வசனத்தின் இரண்டாவது பாதி, 'இல்லதை இல்லதென்றும்' என்பதுதான் கஷ்டம். நமக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. "ஆகட்டுங்க", "பார்த்துக்கலாமுங்க", "செஞ்சரலாமுங்க" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிடுவோம், சொல்கிறவருக்கு அது 'இல்லை', கேட்கிறவருக்கு அது 'சரி'. விசுவாசிகள் ஒரு படி மேலே போய் "கர்த்தருக்குச் சித்தமானால்" என்கிறோம். யாக்கோபு தன் நிருபத்தில் அதைச் சொல்லச் சொன்னது நாளை நம் கையில் இல்லை என்ற தாழ்மைக்காக. செய்யப்போவதில்லை என்று தெரிந்தே அதைச் சொன்னால் நம் பொய்க்குக் கர்த்தரைச் சாட்சி ஆக்குகிறோம்.

எல்லா வாக்கையும் கண்ணை மூடிக்கொண்டு நிறைவேற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஏரோது ராஜா தான் செய்த சத்தியத்துக்காக யோவான் ஸ்நானனின் தலையை வெட்டக் கொடுத்தான், அது வாக்குச் சுத்தம் ஆகாது. பாவம் செய்வதாகச் சொன்ன வாக்கை மீறத்தான் வேண்டும். மற்றபடி உண்மையிலேயே முடியாத நிலை வந்தால் நீதிமொழிகள் 6 வழி சொல்கிறது: நீ யாருக்கு வாக்குக் கொடுத்தாயோ அவனிடம் நீயே போ, தாழ்ந்து போய்க் கேள். அவர் விடுவித்தால் நீங்கள் விடுதலை. போனை எடுக்காமல் இருப்பது அதற்குள் வராது.

எங்கள் தாத்தா கண்ணபுரம் சந்தைக்கு மாடு ஓட்டிப் போவார். துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேரம் முடிந்து அச்சாரம் கை மாறிவிட்டால், பக்கத்தில் நிற்பவன் ஆயிரம் கூடக் கொடுத்தாலும் அந்த மாடு போனது போனதுதான். அச்சாரம் என்கிற அதே சொல் நம் வேதத்திலும் இருக்கிறது. பவுல் கொரிந்துவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பயணத்தை மாற்றினதால் பேச்சு வாங்கினார். 2 கொரிந்தியர் முதல் அதிகாரத்தில் அதற்குப் பதில் எழுதுகிறார்: எங்கள் வார்த்தை ஒரே நேரத்தில் ஆம் என்றும் அல்ல என்றும் இருக்கவில்லை, தேவனுடைய வாக்குத்தத்தங்கள் எல்லாம் கிறிஸ்துவுக்குள் 'ஆம்' என்று இருக்கின்றன, அவர் நம் இருதயங்களில் ஆவியென்னும் அச்சாரத்தைக் கொடுத்திருக்கிறார். பயணம் மாறின ஒரு சங்கதிக்கு அவர் கிறிஸ்து வரைக்கும் போய்ப் பதில் சொல்கிறார். நமக்காக அச்சாரம் கொடுத்துவிட்டுப் பின்வாங்காத ஒருவரை நம்புகிறோம், நாம் 2 ரூபாய்க்குப் பின்வாங்கலாமா?

அதனால் முதல் பார்ட்டியின் வேலையைப் பேசின ரேட்டுக்கே முடித்துக் கொடுங்கள். இரண்டாவது ஆளுக்கு இன்றைக்கே போன் போட்டு, கையில் வேலை இருக்கிறது, இந்தத் தேதிக்கு மேல்தான் எடுக்க முடியும் என்று தேதியோடு சொல்லிவிடுங்கள். "பார்க்கலாமுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அந்த அக்கா இப்போதும் எங்களிடம்தான் இருக்கிறார். போன மாதம் மகள் காலேஜ் பீஸுக்கு முன்பணம் கேட்டார். கையில் இல்லை. பழைய வாய் "பார்த்துக்கலாமுங்க" என்று வந்தது, நிறுத்திக்கொண்டு, "இல்லைங்க அக்கா, இந்த மாசம் என்னால முடியாதுங்க" என்றேன். "சரிங்க தம்பி" என்றவர், சாயங்காலமே மகளிர் குழுவில் கேட்டு வாங்கிக் கட்டிவிட்டார்.