மூக்கு வழியாகக் காதுக்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பிரெஞ்சு மரபியலாளர் கிறிஸ்தீன் பெத்தி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். இரண்டு சந்தேகங்கள். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லோருக்கும் காது நன்றாகக் கேட்கும்போது, குழந்தையின் பிறவிக் காது கேளாமையைப் பரம்பரை என்று எப்படிச் சொல்கிறார்கள்? இன்னொன்று, அவர் மருத்துவம் படித்தவர். காதை நேரடியாக ஆராயாமல் இத்தனை வருடம் மரபணுக்களின் பின்னால் போனது சுற்றுவழியாகத் தெரியவில்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சுற்றுவழிதான். ஆனால் நேர்வழி அடைபட்டிருந்தது.

ஒலியை மின்துடிப்பாக மாற்றும் மயிர்ச்செல்கள் ஒரு காதில் ஏறக்குறைய 15,000தான் இருக்கும். விழித்திரையில் ஒளியை உணரும் செல்களோ பத்துக் கோடிக்கும் மேல். கண்ணை ஆராய்ந்தவர்கள் மாட்டுக் கண்களை வாங்கிவந்து, அரைத்து, வேண்டிய புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். காதில் அது நடக்காது. கிடைப்பது கையளவுகூட இல்லை, அதுவும் மண்டையோட்டின் மிகக் கெட்டியான எலும்புக்குள் பொதிந்து கிடக்கிறது. மரபியலுக்கு இந்தத் தட்டுப்பாடு பொருட்டே இல்லை. காதில் பழுதாகிக் கிடக்கும் அதே மரபணு ரத்தத்திலும் இருக்கிறது, கொஞ்சம் ரத்தம் போதும். மரபணு என்பது புரதம் செய்வதற்கான குறிப்பு. எந்த மரபணு கெட்டால் காது நிற்கிறது என்று தெரிந்துவிட்டால், காதுக்குள் எந்தப் புரதத்துக்கு என்ன வேலை என்று தேட ஒரு நுனி கிடைத்துவிடுகிறது.

பெத்தி காதுக்கு வந்ததே மூக்கு வழியாகத்தான். வாசனை தெரியாமலும் பருவமடையாமலும் போகும் கால்மன் நோய்க்கான ஒரு மரபணுவை 1991இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் அவர் குழு கண்டுபிடித்தது. அப்புறம்தான் காது. அங்கே வேறு சிக்கல். காது கேளாமைக்குக் காரணமான மரபணுக்கள் நூற்றுக்கும் மேல். காது கேளாதவர்கள் தங்களுக்குள் மணம் செய்துகொள்வதும் அதிகம் என்பதால், ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று காரணங்கள் கலந்து கிடக்கும். அதனால் அவர் குழு துனிசியாவுக்குப் போனது. சொந்தத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் பெரிய குடும்பங்களில் பெரும்பாலும் ஒரே பழுதுதான் சுற்றிவரும். 1994இல் அது 13ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்பதுவரை வந்துவிட்டார்கள்.

உங்கள் முதல் கேள்விக்கான பதில் அந்தக் குடும்பங்களில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதி. ஒன்று கெட்டாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும், காது கேட்கும். அப்படிப்பட்ட இருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், கெட்ட பிரதி இரண்டும் சேர்ந்து வர நாலில் ஒரு வாய்ப்பு. தலைமுறை தலைமுறையாக யாருக்கும் தெரியாமல் கைமாறி வந்த சரக்கு அது. நாமோ பரம்பரை என்றாலே தாத்தாவின் காதைப் பார்க்கிறோம்.

1997இல் அந்த இடத்தின் மரபணு கோனெக்சின் 26 என்று தெரிந்தது. முந்திக்கொண்டது தோல் நோயை ஆராய்ந்துகொண்டிருந்த லண்டன் குழு. இடத்தைக் காட்டியவருக்குப் புதையல் கிடைக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஐரோப்பாவில் அதிகம் காணப்படும் பழுது எவ்வளவு சின்னது தெரியுமா? மரபணு எழுதப்பட்டிருக்கும் நான்கு வேதி எழுத்துகளில் ஒன்று ‘ஜி’. வரிசையாக ஆறு ‘ஜி’ இருக்க வேண்டிய இடத்தில் ஐந்துதான் இருக்கிறது. செல் மும்மூன்று எழுத்தாகப் படிக்கும். ‘மரம் படம் குடம்’ என்பதில் ‘ர’வை மட்டும் எடுத்துவிட்டு, மும்மூன்றாகவே படித்துப் பாருங்கள்: ‘மம்ப டம்கு டம்’. அங்கிருந்து எல்லாம் உளறல்தான். புரதம் பாதியிலேயே நின்றுவிடும்.

சரி, இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். 1999இல் பெத்தியின் குழு ஓட்டோஃபெர்லின் என்ற மரபணுவை அடையாளம் கண்டது. இது கெட்டவர்களின் மயிர்ச்செல் ஒலியை உணரும், நரம்புக்குச் சொல்லாது. காதிலிருந்து திரும்பும் எதிரொலியை அளக்கும் சோதனையில் இந்தக் குழந்தைகள் தேறிவிடுவதுண்டு, அதனால் குறையைத் தவறவிட்டுவிடுவார்கள். நல்ல பிரதியை வைரஸில் ஏற்றி அனுப்பலாம் என்றால், மரபணு பெரியது, வைரஸ் சின்னது. இரண்டு துண்டாக்கி, இரண்டு வைரஸில் ஏற்றி, செல்லுக்குள் போய்ச் சேர்ந்துகொள்ளும்படி செய்தார்கள். 2019இல் பெத்தியின் சகாக்கள் செவிட்டு எலிகளைக் கேட்க வைத்தார்கள். 2024 தொடக்கத்தில் சீனாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் செய்தி வந்தது, பிறந்ததிலிருந்து எதுவும் கேட்காத குழந்தைகள் கேட்கிறார்கள் என்று.